உன் மேசைமேல் ஒரு டேட்டா சென்டர்

கை வைத்தால் கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விடும் என்று உன்னை மிரட்டியது யார்? வீட்டில் இருப்பது ஒரே டெஸ்க்டாப். அப்பாவின் வரவு செலவுக் கணக்கும் அக்காவின் கல்யாணப் படங்களும் அதில்தான் இருக்கின்றன. சர்வர் வேலை கற்க ஆசை, தொடவோ நடுக்கம். தம்பி, தங்கையே, அந்த நடுக்கத்தை இன்றே உதறு!

ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் வித்தையை ஐபிஎம் 1960களிலேயே மெயின்ஃபிரேம்களில் செய்து காட்டியது. அந்த ராட்சத இயந்திரங்களின் பக்கத்தில் அன்று யார் போக முடிந்தது? 2005 முதல் இன்டெல்லும் ஏஎம்டியும் அதற்கான வசதியைச் சாதாரண சிப்பிலேயே பதித்தன. அந்த வசதியைப் பயன்படுத்தி மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் கேவிஎம் 2007-இல் லினக்ஸ் கெர்னலுக்குள் சேர்ந்தது. கூகுள் கிளவுடின் மெய்நிகர் இயந்திரங்களைச் சுமப்பதும் இதே கேவிஎம்தான். அது உன் வீட்டிலும் ஓடும், காலணா செலவில்லாமல்!

எழு. சிப்பில் இருக்கும் அந்த வசதியை இயக்க, ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் நுழை. இன்டெல் என்றால் 'விடி-எக்ஸ்', ஏஎம்டி என்றால் 'எஸ்விஎம்' என்று ஒரு வரி இருக்கும். பல போர்டுகளில் அது அணைத்தே கிடக்கும். "நம்ம சிஸ்டம் பழசு, இதெல்லாம் ஓடாது" என்று தலையில் கை வைக்குமுன் அந்த ஒரு வரியைப் பார்த்தாயா? 'எனேபிள்' செய், சேமி, வெளியே வா.

உன் கணினியில் உபுண்டு லினக்ஸ் இருந்தால், மெய்நிகர் இயந்திரங்களை உருவாக்கி நடத்தும் விர்ட்-மேனேஜரை நிறுவ டெர்மினலில் ஒரு வரி போதும். திறந்ததும் 'இணைக்க முடியவில்லை' என்று வந்தால் அசராதே. மூடிவிட்டு ஓடாமல் செய்தியைக் கடைசி எழுத்துவரை படி. அனுமதி இல்லை என்று சொல்கிறதா? உன் பயனர் பெயரை லிப்விர்ட் குழுவில் சேர். லாக் அவுட் செய்து மறுபடி வந்தால்தான் அது செல்லுபடியாகும். அவசரத்தில் பலரும் கோட்டைவிடும் இடம் இது.

8 ஜிபி ரேம்தானா இருக்கிறது? விர்ட்-மேனேஜரில் உருவாக்கும் புது மெய்நிகர் இயந்திரத்துக்கு 2 ஜிபி கொடு. வட்டு 20 ஜிபி. க்யூகவ்2 என்ற கோப்பு வகையில் வைத்தால், உள்ளே எழுத எழுதத்தான் இடம் பிடிக்கும்.

அந்த இயந்திரத்துக்குள் சர்வரை நிறுவியதும் அதை அணைத்து, அப்போதைய நிலையைச் சேமிக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடு. திரும்ப எழுப்பு. திறந்திருப்பது அந்த இயந்திரத்தின் திரைதானா என்று இரண்டு முறை பார். பார்த்துவிட்டு, ரூட் அதிகாரத்தோடு, அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி ஃபோல்டரை அழி! ஆம், தெரிந்தே அழி. ரீஸ்டார்ட் செய்து, அந்த இயந்திரம் எழ முடியாமல் திணறுவதைக் கண்கொட்டாமல் பார். எந்தச் சேவை முதலில் விழுகிறது, திரையில் என்ன வருகிறது, எல்லாவற்றையும் குறித்துக்கொள். பிறகு ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பு. சர்வர் பழையபடி நிற்கும். அப்பாவின் கணக்கில் ஒரு எண்கூட மாறியிருக்காது.

நாளை ஒரு நிறுவனத்தில் நள்ளிரவில் சர்வர் படுத்து, எல்லோரும் கை பிசையும்போது, உனக்கு அது பழகிய காட்சி. அந்தத் துணிவை எந்தச் சான்றிதழும் தராது.

இன்றிரவே இரண்டாவது இயந்திரத்தையும் எழுப்பு. வழக்கமான அமைப்பில் இரண்டுக்கும் 192.168.122 என்று தொடங்கும் முகவரிகள் கிடைக்கும். ஒன்றில் டேட்டாபேஸ், மற்றதில் வெப் சர்வர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு பிங் அடி. பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழாதே!