எழுதி வைத்தவரும் மறைத்து வைத்தவனும்

2009 பிப்ரவரியில் எங்கள் குழுவில் முதலில் வேலை போனது, எங்களிலேயே வேலை நன்றாகத் தெரிந்தவருக்கு. தப்பித்தவன் நான். அவர் போனதற்கும் நான் தப்பியதற்கும் காரணம் ஒரே ஒரு நோட்டுப் புத்தகம். இதை வெளியில் சொல்ல எனக்குப் பல வருஷம் பிடித்தது.

பழைய மகாபலிபுரம் சாலையில், துரைப்பாக்கம் பக்கம் அலுவலகம். லண்டனில் உள்ள ஒரு வங்கியின் மெயின்ஃப்ரேம் கணினியை இங்கிருந்து பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. பகலெல்லாம் நடந்த வரவு செலவை வங்கி இரவில் மொத்தமாகக் கணக்கில் ஏற்றும். அதற்கு ‘பேட்ச்’ என்று பெயர். ‘ஜாப்’ என்று நாங்கள் சொல்லும் நூற்றுக்கணக்கான புரோகிராம்கள் வரிசையாக ஓட வேண்டும். நடுவில் ஒன்று நின்றால் அதை நம்பியிருக்கும் மற்றவையும் நிற்கும். குளிர்காலத்தில் அங்கே இரவு 10 மணி என்றால் நமக்கு அதிகாலை 3.30. எங்கள் தூக்கம் அந்த வங்கிக்கு எழுதிக் கொடுத்த தூக்கம்.

அவரை எல்லாரும் ‘அண்ணே’ என்போம். நாற்பதைத் தாண்டியவர். கணினிகளின் ஒய்2கே பிழையைத் திருத்திய காலத்தில் கோபால் (COBOL) என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். நீல அட்டை போட்ட 200 பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தார். எந்த ஜாப் எங்கே நிற்கும், நின்றால் எந்தப் படியிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும், லண்டனில் யாரை எழுப்ப வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். வாரக் கடைசியில் உட்கார்ந்து அதையே தட்டச்சு செய்து எல்லாருக்கும் பொதுவான ஃபோல்டரில் போடுவார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், “எனக்கு ஒண்ணு ஆனா வேலை நிக்கக் கூடாது தம்பி” என்பார்.

என்னிடமும் ஒரு விஷயம் இருந்தது. இங்கிலாந்தில் வங்கி விடுமுறை முடிந்த மறுநாள் வெளியிலிருந்து ஒரு கோப்பு வரும். அதில் ஒரு வரியில் தொகை இருக்க வேண்டிய இடம் சில சமயம் காலியாக இருக்கும். எண்ணை எதிர்பார்க்கும் இடத்தில் வெற்றிடம் வந்தால் மெயின்ஃப்ரேம் பொறுக்காது. ‘சாக் செவன்’ என்று நாங்கள் சொல்லும் பிழையைக் காட்டி அப்படியே படுத்துவிடும். அந்த வரியை எப்படித் தேடுவது, எதைக் கொண்டு நிரப்புவது என்று நான்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததை எழுதி வைக்கவில்லை. முதலில் சோம்பல்தான். 2008 செப்டம்பர் 15-இல் அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் திவாலான பிறகு, அது சோம்பல் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அந்த மாதங்களை அனுபவித்தவர்களுக்கு மறக்காது. புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருந்தவர்கள் முதலில் காணாமல் போனார்கள். 2009 ஜனவரி 7-இல் சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கே பொய் என்று கடிதம் எழுதினார். அதன் பிறகு கேன்டீனில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ‘கால் காசு என்றாலும் கவர்ன்மென்ட் காசு’ என்று என் அம்மா தினமும் சொல்ல ஆரம்பித்தாள்.

எங்கள் வங்கி ஒன்பது பேரை ஆறாகக் குறைக்கச் சொன்னது. மேலாளர் ஓர் எக்செல் தாளை நிரப்பினார்: பெயர், சம்பளம், ரேட்டிங், கடைசியாக, அவர் இல்லாவிட்டால் வேலையைச் சமாளிக்க ‘பேக்கப் உண்டா?’ என்று ஒரு கட்டம். பின்னாளில் அவரே சொன்னார். அண்ணனுக்கு நேரே சம்பளம் அதிகம், பேக்கப் ‘உண்டு’. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஃபோல்டரில் இருக்கிறதே! எனக்கு நேரே ‘இல்லை’.

எச்ஆர் அறையில் அவருக்குக் கொடுத்தது பணிநீக்க உத்தரவு இல்லை. தேதி உட்பட அச்சடித்து வைத்த ராஜினாமாக் கடிதம். பக்கத்தில் ஒரு பேனா. ஆட்குறைப்பு என்றால் அப்போது நடப்பில் இருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் குறுக்கே வரும். ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம், கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்ற வரிசை என்றெல்லாம் அது கேட்கும். தானாக எழுதிக் கொடுத்த ராஜினாமாவுக்கு இந்தக் கேள்வி எதுவும் கிடையாது. கணினி ஊழியருக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்றுகூட எங்களில் யாருக்கும் தெரியாது. ஐடி ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு தெளிவுபடுத்தியதே 2016-இல்தான். அவர் கையெழுத்துப் போட்டார்.

பை எடுக்க இருக்கைக்கு வந்தவர் நீல நோட்டை என்னிடம் நீட்டினார். “ஃபோல்டர்ல ஏத்தாதது ரெண்டு மூணு இருக்கு, வச்சுக்கோ.” வாங்கிக்கொண்டேன். என்னுடைய சாக் செவன் ரகசியத்தை அப்போதாவது யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறைத்து வைத்தால் வேலை நிலைக்கும் என்பது பொய் என்று எழுத ஆசை. ஆனால் நிலைத்தது. அண்ணன் எட்டு மாதம் சும்மா இருந்தார். பிறகு குறைந்த சம்பளத்துக்குப் பெங்களூர் போனார். நான் அதே நாற்காலியில் இருந்தேன். அதே நாற்காலியில்தான் இருந்தேன். லண்டனுக்கு ஆள் அனுப்பும் பேச்சு வந்தபோதெல்லாம், “உன்னை அனுப்பிட்டா இங்க யாரு பாக்குறது?” என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். 2011-இல் ஈஸ்டர் விடுமுறை முடிந்த மறுநாள் பேட்ச் நின்றது. எனக்குப் போன் வந்தபோது அதிகாலை 4 மணி. நான் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தேன், உள்ளே அப்பா. மாடிப்படியில் சிக்னல் தேடி நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி முக்கால் மணி நேரத்தில் ஓட வைத்தேன். அந்த முக்கால் மணி நேரத்தில் அப்பா கண் விழித்து என்னைத் தேடியிருக்கிறார். திரும்பி வந்தபோது மறுபடி தூங்கிவிட்டார்.

நானில்லாமல் ஓடாது என்று நான் போட்ட முடிச்சின் மறுமுனை என் காலில் இருந்தது.

மேலாளரின் கணக்கும் தப்பு என்று இதற்குள் தெரிந்திருந்தது. அண்ணன் போன சில மாதங்களில் ஒரு மாதக் கடைசி. நின்றுபோன ஒரு ஜாப்பை நாங்கள் மறுபடி ஓட்டினோம். நோட்டில் ‘மாதக் கடைசியில் இதை ரீரன் செய்யாதே’ என்று இருந்தது. ஏன் என்று இல்லை. அவசரத்தில் ஓட்டிவிட்டோம். சில ஆயிரம் கணக்குகளில் வட்டி இரண்டு முறை ஏறியது. வெட்கத்தை விட்டு அண்ணனுக்கே போன் செய்தோம். வேலையில்லாமல் வீட்டில் இருந்த மனிதர், பத்து நிமிஷத்தில் எப்படித் திருப்புவது என்று சொல்லிக் கொடுத்தார்.

டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நார் 1985-இல் எழுதிய கட்டுரை ஒன்றை அதற்குப் பிறகு படித்தேன். புரோகிராம் என்பது எழுதிய வரிகள் மட்டும் அன்று, அதை உருவாக்கியவர்களின் மனத்தில் இருக்கும் புரிதல்; எவ்வளவு ஆவணம் எழுதினாலும் அது முழுதாகத் தாளில் இறங்காது; அந்தக் குழு கலைந்தால் புரோகிராம் செத்ததாகவே கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். படித்தபோது கூச்சமாக இருந்தது. நோட்டு இருக்கிறது, ஆள் வேண்டாம் என்று நிறுவனம் நினைத்தது. நோட்டில் எழுதிவிட்டால் நான் வேண்டாதவன் ஆகிவிடுவேன் என்று நான் நினைத்தேன். இரண்டும் ஒரே மூட நம்பிக்கை.

2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேர், மைக்ரோசாஃப்ட் 10,000 பேர், அமேசான் 18,000 பேர் என்று தினமும் ஒரு செய்தி. அந்த ஆண்டு எங்கள் பக்கமும் காற்று அடித்தது. இதற்குள் ஒரு குழு என் பொறுப்பில் இருந்ததால், இந்த முறை எக்செல் தாள் என்னிடம் வந்தது. அதே கட்டம்: பேக்கப் உண்டா?

என் குழுவில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒவ்வொரு பிழைக்கும் காரணத்தோடு பக்கம் பக்கமாக எழுதி வைப்பவள். அவள் எழுதியதைப் பார்த்துப் புதுப் பையன்கள் இரவில் தாங்களே சமாளித்தார்கள். விதிப்படி அவளுக்கு நேரே ‘உண்டு’ என்று போட வேண்டும். எதையும் எழுதாமல், கேட்டால் “நான் பாத்துக்கறேன்” என்று சொல்லும் இன்னொருவனுக்கு நேரே ‘இல்லை’. அவன் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பதினான்கு வருஷத்துக்கு முந்தைய நான்.

அவளுக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினேன். மேலே கேட்டார்கள். “எழுதியிருப்பதை எடுத்துக்கொள்ளலாம், எழுதத் தெரிந்தவளுக்குப் பேக்கப் கிடையாது” என்றேன். அவள் தங்கினாள். வேறு இரண்டு பேர் போனார்கள். அந்த இரண்டு பெயர்களையும் நான்தான் எழுதினேன். அதில் நியாயம் சொல்ல எதுவும் இல்லை.

பையன்கள் இப்போதும் கேட்கிறார்கள்: வேலையைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும் சார்? ஏஐ படிக்கட்டுமா? படியுங்கள். ஆனால் எது செத்தது, எது பிழைக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. 1959-இல் உருவாகத் தொடங்கிய கோபாலை எத்தனையோ முறை புதைத்தாயிற்று. 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலை இழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்து பழைய கணினிகள் திணறியபோது, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வேண்டும் என்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநரே கேட்டார்.

எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். யார் பேனா நீட்டினாலும் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள்; ஒருநாள் கேளுங்கள், ஒரு வக்கீலைப் பாருங்கள். தெரிந்ததை எழுதி வையுங்கள், ஏன் என்பதையும் சேர்த்து. அதனால் வேலை போகவும் கூடும்; அண்ணனுக்குப் போயிற்று. எக்செல் தாள் நிரப்பும் இடத்தில் இருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: எழுதி வைத்தவரை அதற்காகவே அனுப்பாதீர்கள்.

நீல நோட்டு என் மேசை டிராயரில் இருக்கிறது. சாக் செவனுக்கான பக்கத்தை 2011 மே மாதம் நான் அதன் கடைசித் தாளில் எழுதினேன்.