சிக்கனம் சொல்லும் உரிமை

வீட்டில் ஒருவர் பணத்தைக் கண்டபடி செலவழிக்கிறார் என்று மற்றவர்களுக்குத் தோன்றினால் அதை அவரிடம் சொல்லலாமா? சொல்லியும் கேட்கவில்லையென்றால் தடுக்கலாமா? சொல்வது கடமை என்றுதான் நம் குடும்பங்களில் பெரும்பாலோர் பதில் சொல்வார்கள். ஓர் அடுப்பில் சமைத்து உண்பவர்களில் ஒருவர் வாங்கும் கடன் எல்லோர் தலையிலும்தான் வந்து விடியும் என்பதால், அந்தப் பதிலில் நியாயம் உண்டு. ஆனால் இந்தக் கடமையை யார் யாரிடம் நிறைவேற்றுகிறார்கள் என்று கவனித்தால் ஒரு கோணல் புலப்படும். கணவன் மனைவிக்குச் சொல்கிறான். சம்பாதிக்கத் தொடங்கிய மகன் ஓய்வுபெற்ற அப்பாவுக்குச் சொல்கிறான். பணம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சிக்கனம் பேசுகிறார். அவர் வாங்கிய மனைக்கடனையும் நண்பருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்தையும் யாரும் கேள்வி கேட்பதில்லை. பல வீடுகளில் அப்படி ஒரு கையெழுத்து இருப்பதே வங்கி நோட்டீஸ் வரும்வரை மற்றவர்களுக்குத் தெரியாது.

இந்தக் கோணல் 2016 நவம்பர் 8 இரவில் வெட்டவெளிச்சமானது. 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்ததும், அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் பெண்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த பணம் வெளியே வர வேண்டியதாயிற்று. காய்கறிக்கும் பாலுக்கும் கொடுத்ததில் மிச்சம் பிடித்தது, சீட்டு எடுத்தது, பிறந்த வீட்டில் கையில் வைத்து அழுத்தியது என்று சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம் அது. வங்கிக் கணக்கோ மாற்ற வழியோ இல்லாதவர்கள் அதைக் கணவனிடமோ மகனிடமோ ஒப்புக்கொண்டே மாற்ற வேண்டியிருந்தது. ‘கையில் காசு தங்காது’ என்று பெயர் வாங்கியிருந்தவர்கள்தான் அந்த வீட்டில் உண்மையாகவே சேமித்தவர்கள் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. அதை ஏன் ஒளித்துவைத்தார்கள்? கண்ணில் பட்டால் அது தம் பணமாக இருக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். கேட்டுச் செலவழிக்கும் நிலையில் இருப்பவர் ஒளித்துச் சேமிப்பதைக் கள்ளத்தனம் என்று சொல்ல மனம் வரவில்லை. அவரிடம் போய்ச் சிக்கனம் போதிப்பது கூடுதல் கொடுமை.

எது வீண் செலவு என்பதையும் தூரத்தில் நின்று முடிவு செய்துவிட முடியாது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்தை எடுத்துக்கொள்ளலாம். வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்கு அது பந்தல், கறிச்சோறு, கூட்டம், பண விரயம். ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ அது நோட்டில் எழுதிய கடன். தன் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் 5,000 எழுதியிருந்தால், அவர் விருந்து வைக்கும்போது அதைத் திருப்பிச் செய்து, அதற்கு மேலும் கொஞ்சம் வைத்தாக வேண்டும். “எதுக்கும்மா இவ்வளவு மொய்?” என்று மகன் கேட்கும்போது, வாங்கிய கடனைத் திருப்பித் தராதே என்று அம்மாவிடம் சொல்கிறோம் என்பது அவனுக்குத் தெரிவதில்லை. மொய் செய்யவே வட்டிக்கு வாங்கும் வீடுகளும் உண்டு, அது உண்மை. அங்கே பேச வேண்டியது வட்டியைப் பற்றித்தான்; அம்மாவின் நாணயத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

அப்படியானால் தலையிடும் உரிமை எங்கே தொடங்குகிறது? இழப்பு யார்மேல் விழும் என்பதே இதற்குச் சரியான அளவுகோல். ஓய்வூதியம் வாங்கும் அப்பா பேரப்பிள்ளைகளுக்குச் செயின் வாங்கித் தருகிறார், ஆண்டுக்கு ஒருமுறை காசிக்குப் போய்வருகிறார், பழைய சிநேகிதனின் மருத்துவச் செலவுக்குப் பத்தாயிரம் கொடுக்கிறார். அது அவர் உழைத்து ஈட்டிய பணம். தம் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கிவிட்டு மீதியை அவர் எப்படிச் செலவழித்தாலும் பிள்ளைகளுக்கு அதில் அக்கறை காட்ட உரிமை உண்டு, கட்டளையிட உரிமை இல்லை. ‘பார்த்துச் செலவு பண்ணுங்கப்பா’ என்று சொல்லும்போது, தமக்கு வர வேண்டியது குறைகிறதே என்ற கணக்கு மனத்தில் ஓடுகிறதா என்று பிள்ளைகள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் ஏடிஎம் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, பெற்றவர்களைத் தேநீர்க் காசுக்குக் கைநீட்ட வைக்கும் வீடுகள் உண்டு. அதற்கு அறத்தில் இடமே இல்லை.

மனைவியின் நகையை அடகுவைத்து ஆன்லைன் ரம்மி ஆடுபவன் விஷயம் வேறு. இழப்பு அவனோடு நிற்பதில்லை. குழந்தையின் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் அதில் போகின்றன. தமிழ்நாடு 2022இல் சட்டம் கொண்டுவந்ததும், 2025இல் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்ததும் இப்படி நொறுங்கிய குடும்பங்களைப் பார்த்துத்தான். இங்கே பொறுமையாக எடுத்துச்சொல்லிக்கொண்டிருப்பது நல்லதன்று. நகையைப் பூட்டி வைக்கவும், சம்பளம் வேறொரு கணக்குக்குப் போகச் செய்யவும், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகவும் குடும்பத்துக்கு முழு உரிமை உண்டு. வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று வாய்மூடி இருப்பதுதான் தவறு.

இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில்தான் பெரும்பாலான வீடுகள் இருக்கின்றன. அங்கே எப்படிப் பேசுவது? வள்ளுவர் வரவறிந்து செலவழிக்கச் சொல்லும் குறள்களை வலியறிதல் அதிகாரத்தில், அரசனுக்குச் சொல்லும் அறிவுரைகளோடு சேர்த்து வைத்திருக்கிறார். தன் வலிமை எவ்வளவு என்று தெரிந்தவனால்தான் அளவோடு நடக்க முடியும் என்பது அந்த வரிசையிலேயே புலப்படுகிறது. நம் வீடுகளில் அளவோடு நடக்கச் சொல்லப்படுபவருக்கு அளவு தெரிவதில்லை. சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு என்று எதையும் சொல்லாமல் ‘குறைத்துக்கொள்’ என்று மட்டும் சொல்கிறோம். காரணம் தெரியாமல் குறைத்துக்கொள்வதற்குப் பெயர் கீழ்ப்படிதல். சிக்கனம் கேட்பவர் முதலில் தம் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். தம் செலவும் தம் தவறான கடனும் அதில் இருக்க வேண்டும். இதைச் செய்ய மனமில்லாதவருக்கு மற்றவர் செலவைப் பற்றிப் பேசும் தகுதி இல்லை என்றே சொல்ல வேண்டும்.

கணக்கைத் திறந்தபின் அறிவுரைக்குத் தேவை குறைந்துவிடும். மூன்று வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 3,000 ரூபாய்; ஆண்டுக்கு 36,000. முப்பத்து நான்காம் மாதத்தில் கட்டிய வட்டி மட்டுமே ஒரு லட்சத்தைத் தாண்டும், அசல் அப்படியே நிற்கும். கடன் அட்டையில் நிலுவைக்கு மாதம் மூன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். இதை ஒரு தாளில் போட்டுக் காட்டினால் பத்தாம் வகுப்பு படிக்கும் பெண்ணுக்கும் புரியும். ‘ஊதாரி’ என்ற சொல் வீட்டில் எழும்பவே வேண்டியதில்லை.

அந்தச் சொல் செய்யும் கேடு வெறும் மனவருத்தத்தோடு முடிவதில்லை. ஒரு லட்சம் கட்டினால் மாதம் முப்பதாயிரம் கிடைக்கும் என்று ஆருத்ரா கோல்டு நிறுவனம் ஆசை காட்டியபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் கட்டினார்கள். 1990களின் நிதி நிறுவனங்களிலும் 2012இல் சரிந்த பெருந்துறை ஈமு கோழிப் பண்ணைகளிலும் பணத்தைப் பறிகொடுத்த தமிழ்நாட்டில்தான் இதுவும் நடந்தது. இத்தகைய திட்டங்களில் சேர்த்துவிடுபவர் பெரும்பாலும் பழகிய மனிதர். சந்தேகத்தோடு பேசக் கூச்சமாக இருக்கும். ‘இதுல பணம் போடலாமா?’ என்று வீட்டில் ஒருவரிடம் கேட்டிருந்தால் தப்பித்திருக்கக்கூடியவர்கள் எத்தனையோ பேர். திட்டு விழும், கேலி செய்வார்கள் என்ற பயத்தில் கேட்காமலே போட்டார்கள். போன பிறகும் சொல்லவில்லை.

இணைய மோசடியில் இந்தப் பயத்துக்குக் கொடுக்கும் விலை இன்னும் அதிகம். காவல்துறை பேசுகிறது, வங்கி பேசுகிறது என்று மிரட்டிப் பணத்தை மாற்ற வைக்கிறார்கள். மாற்றியது தெரிந்ததும் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொன்னால், அந்தப் பணம் கைமாறிப் போவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. ஒரு நாள் தயங்கினால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். மகன் என்ன சொல்வானோ என்று அம்மா இரவெல்லாம் விழித்துக் கிடக்கும் வீட்டில் அந்த ஒரு நாள் வீணாகிறது. இன்றைக்கே உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்த எண்ணைச் சொல்லி வையுங்கள். பணம் போனால் ஒரு வார்த்தைகூடத் திட்ட மாட்டோம், உடனே சொன்னால் போதும் என்பதையும் அவர்கள் நம்பும்படி சொல்லி வையுங்கள்.