அஸ்திபாரம் போடுமுன்னே பண்டிகை



டிசம்பர் பிறந்தாலே நம்ம சபையில் ஒரு பேச்சு கேட்கும். "முன்ன மாதிரி இல்லீங்க பாஸ்டர். மாவு இடிச்சு அதிரசம் சுட ஆள் இல்ல. பெரியவன் சிங்கப்பூர்ல. சின்னவனுக்கு சிப்காட்ல நைட் டூட்டி. யாருக்காக ஸ்டார் கட்டுறது?" நியாயமான கேள்விதான். (கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா என்று தர்க்கம்பண்ணுகிறவர்களும் உண்டு. அதற்குள் நான் போகவில்லை. குடும்பமாய்க் கூடி நன்றி சொல்லுகிற நாளை ஏன் விடவேண்டும்?)

எஸ்றா 3-ம் அதிகாரத்தை எடுங்கள். பாபிலோனிலிருந்து திரும்பின ஜனங்கள் எருசலேமில் நிற்கிறார்கள். ஆலயம் இடிந்து கிடக்கிறது. சுற்றிலும் இருக்கிறவர்களைக் குறித்து பயம் வேறே. ஆனாலும் முதலாவது பலிபீடத்தைக் கட்டி, கூடாரப்பண்டிகையை ஆசரித்துவிட்டார்கள். 6-ம் வசனத்தை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். அப்போது ஆலயத்துக்கு அஸ்திபாரமே போடவில்லை! எல்லாம் பழையபடி ஆகட்டும், பிறகு பண்டிகை என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

அஸ்திபாரம் போட்ட நாளிலும் என்ன நடந்தது? முந்தின ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த முதியவர்கள் வாய்விட்டு அழுதார்கள். மற்றவர்கள் சந்தோஷத்தில் சத்தமிட்டார்கள். எது அழுகை, எது சந்தோஷம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லையாம். அழுதவர்களைக் கர்த்தர் கடிந்துகொண்டார் என்று அந்த அதிகாரத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. துக்க வீட்டில் போய் நின்று, 'விசுவாசி அழலாமா' என்று கேட்கிறவர்கள் இதை இரண்டு தரம் வாசிக்கட்டும்.

நம்ம கடலூர் ஜனங்களுக்கு இது நன்றாய்ப் புரியும். 2004-ல் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு காலை, சுட்ட பலகாரம் தீருமுன்னே கடல் ஊருக்குள் ஏறிவிட்டது. நம்ம மாவட்டத்தில் மாத்திரம் 600-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தேவனாம்பட்டினத்தில் டிசம்பர் 26 வந்தால் கடலில் பால் ஊற்றி அழுகிறார்கள். முந்தின நாள் கிறிஸ்து பிறப்பு, மறுநாள் கண்ணீர். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல். பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கரண்ட் இல்லை. அடுத்த நாள் இரவே வருஷப்பிறப்பு ஆராதனை! மைக் இல்லாமல், கீபோர்டு இல்லாமல், அரிக்கேன் வெளிச்சத்தில் பாடினோம். அன்றைக்கு சொன்ன ஸ்தோத்திரம் தொண்டையிலிருந்து வரவில்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது.

நம்முடைய ஆண்டவரைப் பாருங்கள். 12 வயதில் மரியாளோடும் யோசேப்போடும் வருஷ வழக்கத்தின்படி போய் ஆசரித்தது பஸ்கா பண்டிகை. கடைசி இரவிலும் அதே பஸ்காதான். வெளியே ஒருவன் காட்டிக்கொடுக்கப் போய்விட்டான். மறுநாள் சிலுவை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் பண்ணி, பிட்டுக் கொடுத்தார்.

ஆகையால் சகோதரி, அதிரசம் வரவில்லையென்றால் கடைக் கேக் போதும். சின்னவனுக்கு 25-ம் தேதி லீவு இல்லையா? 23-ம் தேதியே குடும்ப ஜெபத்தை வையுங்கள். சிங்கப்பூர் மகன் போன் வழியாய் ஒரு சங்கீதம் வாசிக்கட்டும். அவன் அப்பா ஜெபம்பண்ணட்டும். ஸ்டாரை மாத்திரம் இறக்கிவிடாதீர்கள்.

இன்னொரு காரியம். நெகேமியா 8:10-ல், பண்டிகை நாளில் தங்களுக்கென்று ஒன்றும் செய்துவைக்க முடியாதவர்களுக்கும் சாப்பாடு அனுப்பச் சொல்லியிருக்கிறது. 2025 ஜூலை 8 காலை, நம்ம செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன்மேல் ரயில் மோதி 3 பிள்ளைகள் போய்விட்டார்கள். அந்த வீடுகளில் எந்தப் பண்டிகையும் இனி பழைய மாதிரி வராது. இப்படி ஆள் குறைந்த வீடு நம்ம தெருவிலும் இருக்கும். எந்த மதமானாலும் சரி, முதல் தட்டு அங்கே போகட்டும். போகிறவர்கள் பிரசங்கம்பண்ண வேண்டாம். தட்டைக் கொடுங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். அவர்கள் பேசினால் கேளுங்கள். ஜெபிக்கச் சொன்னால் மட்டும் ஜெபியுங்கள்.

24-ம் தேதி சாயங்காலம் 5 மணிக்கு எல்லாரும் தட்டுகளோடு சபைக்கு வந்துவிடுங்கள். இருட்டுமுன்னே கிளம்புவோம்.