விவாகமும் இடமும்

விவாகத்துக்குப் பொருத்தம் பார்க்கின்றோம், நாள் பார்க்கின்றோம், முகூர்த்தம் பார்க்கின்றோம். இடம் பார்க்கும்போது மாத்திரம், எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை வாகனங்கள் நிற்கலாம் என்பவற்றோடு ஆராய்ச்சியை முடித்துவிடுகின்றோம். இடத்துக்கும் விவாகத்துக்கும் உள்ள இயைபு யாது?

சிவபெருமான் எங்கும் நிறைந்தவர். அக்கினி எங்கும் அக்கினியே. ஆதலின் வாடகை மண்டபத்தில் நிகழும் விவாகம் குறைவுடையதோ எனின், அன்று. கிரியை முறையாக நிகழின் விவாகம் நிறைவுடையதே. ஆயினும், எங்கும் நிறைந்த இறைவனை வணங்குதற்கும் நாம் தலங்களை நாடுகின்றோம் அல்லமோ? அஃது இறைவனுக்கு இடம் வேண்டும் என்பதனாலன்று. நமது மனம் ஒருப்படுதற்கு இடம் வேண்டும் என்பதனாலேயாம். மணமக்களின் மனமும் அத்தன்மையதே.

இதனை நம் முன்னோர் நன்கறிவர். முள்முருக்கந் தடியைக் கன்னிக்காலாக முற்றத்திலே நாட்டி நீர் வார்ப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். அத்தடி வேர்கொண்டு தளிர்ப்பது. இல்லறமும் ஒரு மண்ணிலே வேர்கொள்ளவேண்டும் என்பதை இதனினும் எளிதாக எவ்வாறு உணர்த்துவது?

இடத்தைத் தெரியும் உரிமையே இல்லாதிருந்த காலமும் உண்டு. 1658 முதல் 1795 வரை இங்கு ஆண்ட ஒல்லாந்தர், தமது திருச்சபை முறைப்படி பதியப்பட்ட விவாகத்தையே சட்டத்துக்கு அமைந்ததாகக் கொண்டனர். பிள்ளைகளின் முதுசவுரிமையும் அப்பதிவைச் சார்ந்து நின்றது. அவ்வுரிமையை இழந்திருந்தோரின் சந்ததியாராகிய நாம், இன்று அதனைச் சிறிதும் சிந்தியாது கைவிடுதல் தகுமா? கிறித்தவ நண்பர்கள் தம் பாட்டனார் விவாகஞ் செய்த தேவாலயத்திலேயே தாமும் விவாகஞ் செய்தலைப் பெருமையாகக் கொள்வதை, அவர்தம் பாடசாலையிற் கற்ற காலந்தொட்டுக் கண்டிருக்கின்றோம். நல்லது எவரிடத்திருப்பினும் கொள்ளத்தக்கதே.

கீரிமலை நகுலேஸ்வரத்தை நோக்குக. போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்து, ஆறுமுக நாவலரவர்களின் தூண்டுதலால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீள எழுந்து, 1990இற் போரினாற் சிதைந்து, பின்னரும் எழுந்தது அத்தலம். அவ்வாண்டில் அயலூர்களை விட்டுப் பெயர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் அங்கே விவாகஞ் செய்வராயின், அவர் பெறுவது அழகிய நிழற்படம் மாத்திரமாகாது. தம்மை ஈன்ற ஊருக்குத் தாம் கடனாளர் என்னும் உணர்வையும் பெறுவர். அவ்வுணர்வு பெறாதார்க்கு எத்துணைப் பழைய தலமும் ஓர் அலங்காரப் பந்தலேயாம்.

பழைய இடங்களிற் பழைய குற்றங்களும் உறைதலை மறைத்தலாகாது. 1968இல் மாவிட்டபுரத்திலே, அடியார் சிலர் பிறப்புக் காரணமாக வாயிலில் மறிக்கப்பட்டனர். 'எங்கள் கோயில்' என்னுஞ் சொல்லுள் 'பிறர்க்கன்று' என்னும் பொருள் ஒளித்திருப்பின், அவ்விடத்துப் பழைமை மணமக்களுக்குப் பெருமை தாராது. விருந்தினர் யாவரும் ஒருவாயிலாற் புகுந்து ஒருபந்தியில் இருக்கத்தக்க இடமே மங்கலமான இடம்.

உபாத்தியாயர்களே, இது விவாகம் பேசுங் காலத்திற் கற்பிக்கத்தக்கதன்று. உங்கள் மாணவரை ஊர்க்கோயிலுக்கும் மடத்துக்கும் கேணிக்கும் அழைத்துச் செல்லுங்கள். அவற்றை ஆக்கியோர் யாவர், காத்தோர் யாவர், புறத்தே நிறுத்தப்பட்டோர் யாவர் என்பவற்றை மறையாது சொல்லுங்கள். அறிந்த இடத்தையே பிள்ளைகள் நேசிப்பர். நேசித்த இடத்தையே வளர்ந்தபின் நாடுவர்.

சுபம்.