கைத்தறியும் கையடக்கத் தறியும்

உழைப்பு இன்பமாகுமா என்னும் வினாவை நாம் பெரும்பாலும் ஆலைகளையும் தோட்டங்களையும் மனத்திற் கொண்டே எழுப்புகிறோம். உள்ளங்கையளவான மரச்சட்டம் ஒன்று அதே வினாவை வேறொரு பக்கத்திலிருந்து எழுப்பக்கூடும் என்பதை ஒருநாள் வகுப்பறையிலே கண்டோம்.

1930களில், பொருளாதார மந்தம் அமெரிக்க மக்களை வாட்டிய காலத்தில், நாலங்குலச் சதுரமான சிறு தறிகள் அந்நாட்டின் பல வீடுகளிற் புகுந்தன. 'வீவ்-இற்' என்ற பெயரில் விற்கப்பட்ட தறி அவற்றுள் பெயர்பெற்றது. அதற்கு மிதியில்லை, விழுதில்லை, ஓடமுமில்லை. சட்டத்தின் நான்கு ஓரங்களிலும் நிரையாக முளைகள் நிற்கும். கம்பளி நூலை முதலில் நெடுக்காகவும், அதன்மேல் குறுக்காகவும், மீண்டும் நெடுக்காகவும் சுற்றவேண்டும். நான்காவது சுற்றே நெசவு. நீண்ட ஊசியில் நூலைக் கோத்து, ஓரிழைக்கு மேலும் மற்ற இழைக்குக் கீழுமாகச் செலுத்தவேண்டும். முடிந்தபின் கழற்றினால் நாற்புறமும் கரை கட்டிய ஒரு சதுரத் துணி கையில் இருக்கும். கத்தரிக்கோலால் வெட்டவேண்டியதில்லை. இத்தகைய சதுரங்களைப் பொருத்தியே போர்வையும் மேற்சட்டையும் ஆக்கினர்.

இதில் என்ன இன்பம்? செய்து பார்த்தவர்க்கே அது விளங்கும். ஊசி ஒருமுறை கடந்ததும் ஒரு வரி துணி பிறந்துவிடுகிறது. நூலாக இருந்தது கண்முன்னே துணியாகிறது. இரு நிறங்கள் சேரும்போது நாம் எண்ணியிராத மூன்றாவது கோலம் ஒன்று தோன்றுகிறது. பிழைத்தால் இரண்டு வரியைப் பிரித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். விரல் சலித்தால் மடியில் வைத்துவிட்டு யன்னலைப் பார்க்கலாம். தொடக்கமும் முடிவும் ஒரே கைக்குள் அடங்குகின்றன. இதனை வேலையற்றோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

கிழக்குக் கரையின் நெசவூர் ஒன்றில் நாம் படிப்பித்த காலத்தில், பலகைத் துண்டுகளில் ஆணி அறைந்து இத்தகைய தறிகள் சிலவற்றைப் பிள்ளைகளுக்குச் செய்து கொடுத்தோம். வகுப்பு அன்று வழமைக்கு மாறாக அமைதியாயிருந்தது. நெசவாளி ஒருவரின் மகள் தன் சதுரத்தை முடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள்: "சேர், இது நல்ல சந்தோசமாயிருக்கு. எங்கட வாப்பாவும் இதைத்தானே செய்யிறார். அவருக்கு ஏன் சந்தோசமில்லை?"

நாம் உடனே விடை சொல்லவில்லை. இயந்திரம் வந்து கைத்தொழிலின் இன்பத்தை அழித்தது என்னும் பழகிய விடை நாவின் நுனியில் இருந்தது. ஆனால் அவளுடைய தந்தை இயந்திரத்தின் முன் அமர்ந்தவரல்லர். அவரது தறியும் கைத்தறியே.

வரலாறும் அந்தப் பழகிய விடைக்குத் துணைநிற்கவில்லை. 1844 ஜூனில் சைலேசியாவின் பீட்டர்ஸ்வால்டாவ், லாங்கன்பிலாவ் என்னும் ஊர்களில் கிளர்ந்தெழுந்தவர்கள் வீட்டிலிருந்து கையால் நெய்தவர்களே. தறி அவர்கள் கூரையின் கீழ்தான் இருந்தது. ஆனால் நூலைக் கொடுத்துத் துணியை வாங்கிய வியாபாரியே கூலியைத் தீர்மானித்தான். அதைக் குறைத்துக்கொண்டும் போனான். ஆலைத்துணியின் போட்டி வியாபாரியின் கையில் ஒரு சாட்டையாயிற்று என்பது மெய். எனினும் அந்தச் சாட்டை விழுந்தது கையால் நெய்தவன் முதுகிலேதான். கூலி குறையக் குறைய நேரத்தைக் கூட்டியே அவன் வயிற்றை நிரப்ப வேண்டியிருந்தது. கையால் செய்தால் இன்பம், பொறியால் செய்தால் துன்பம் என்று பிரிப்போர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்விடத்தில் வில்லியம் மொறிஸ் நினைவுக்கு வருகிறார். 1879இல் அவர் தம் படுக்கையறையிலேயே தறியொன்றை நிறுவி, சித்திரத் திரையொன்றை நெய்து முடிக்க 500 மணித்தியாலங்களுக்கு மேல் செலவிட்டார். கணக்கையும் தாமே குறித்து வைத்தார். அந்த மணித்தியாலங்களுக்கு எவரும் அவரிடம் விலை பேசவில்லை. அவருடைய நிறுவனத்தின் பொருள்களோ பெரும்பாலும் செல்வர் வீடுகளுக்கே போயின. இம்முரண் அவரை உறுத்தாமலில்லை. 1883இல் சோசலிச இயக்கத்திற் சேர்ந்த அவர், அடுத்த ஆண்டில் நிகழ்த்திய விரிவுரையொன்றில், ஓய்வும் பயனும் செய்கையில் இன்பமும் கிட்டும் என்ற நம்பிக்கை உள்ள உழைப்பே மனிதனுக்குத் தகும் என வாதித்தார். மூன்றாவதை, அதாவது செய்கையின் இன்பத்தை, நம்மவர் எளிதில் மறந்துவிடுகின்றனர். கூலியுயர்வும் வேலைநேரமும் பற்றிப் பேசும் மேடைகளில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பட்டினி கிடப்பவனிடம் இன்பத்தைப் பற்றி முதலிற் பேசுவது கொடுமையே. ஆனால் இறுதிவரையும் அதைப் பேசாதிருப்பது அவனை வயிறு மட்டும் உள்ளவனாகக் கருதுவதாகும்.

அந்த மாணவிக்கு இவ்வளவையும் நாம் சொல்லவில்லை. உன் வாப்பாவின் துணிக்கு விலை வைப்பது யார் என்று மட்டும் கேட்டோம். "முதலாளி" என்றாள். ஒரிழை தவறினால்? "அதுக்குக் கூலியில வெட்டுவார்." பிறகு அவள் தன் சதுரத்தைப் பார்த்தாள். அதிலும் ஓரிடத்தில் இழை தவறியிருந்தது.

தறியை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டாள், கொடுத்தோம். மறுநாள் அவளிடம் இரண்டு சதுரங்கள் இருந்தன. இரண்டாவதன் கரை நூல்பிடித்தாற்போல் நேராயிருந்தது. இரவு வாப்பா சும்மா வாங்கிப் பார்த்தாராம், பிறகு கீழே வைக்கவில்லையாம். முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தார் என்று கேட்டோம்.

"தெரியாது சேர். அவர் மணி பார்க்கல்ல."