யாரோ பிடித்திருக்கிறார்கள்

அழிக்கப் போகும்போது, "இந்த ஃபைலை வேறொரு புரோகிராம் திறந்து வைத்திருக்கிறது" என்று விண்டோஸ் மறுப்பதைப் பார்த்து எல்லோரும் ஒருமுறையாவது கடுப்பாகியிருப்போம். நம்ம கம்ப்யூட்டர், நம்ம ஃபைல், நாம அழிக்கக் கூடாதா? ஆனால் முரண்டு பிடிப்பது ஃபைல் இல்லை. அதை யாரோ பிடித்திருக்கிறார்கள்.

லினக்ஸ் அழிக்க விடும், ஆனால் முழுசாக இல்லை. அங்கே அழிக்கும் சிஸ்டம் காலின் பெயரே 'அன்லிங்க்'. அது டைரக்டரியிலிருந்து பெயரைத்தான் எடுக்கிறது. பெயர் போன பிறகும், அதைத் திறந்து வைத்திருக்கும் கடைசி புராசஸ் கைவிடும்வரை டிஸ்கில் இடம் காலியாகாது. பெரிய லாக் ஃபைலை அழித்தும் டிஸ்க் நிரம்பியே இருப்பதைப் பார்த்து மண்டை காய்ந்த சர்வர்காரர்களுக்கு இது தெரியும். இதற்கு நேரெதிரும் உண்டு. ஃபைல் சிஸ்டத்தைப் பழுது பார்க்கும்போது, பெயரை இழந்த ஃபைல்கள் 'லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட்' ஃபோல்டரில் வெறும் எண்களோடு வந்து சேரும். அங்கே உடல் உண்டு, பெயர் இல்லை.

கரப்ட் ஆன ஃபைல் மூன்றாவது வகை. பெயர் இருக்கும், உள்ளே இருந்தது போயிருக்கும். அம்மாவின் போனில் அப்படி ஒன்று இருக்கிறது. இறந்துபோன மாமாவின் குரல் பதிவு. மெமரி கார்டு பழுதாகி எழுத முடியாமல் போனதால், அழித்தாலும் போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் திரும்ப வந்து நிற்கும். "கார்டையே மாத்திடலாம்மா, அதுல ஒண்ணும் இல்ல" என்றேன். "இருக்கட்டும்டா, அது உன்ன என்ன பண்ணுது?" என்றார்.

தொழில்ரீதியாக அது குப்பைதான். ஆனால் அம்மா வைத்திருப்பது குரலை அல்ல. ஒரு தேதியை, அன்று தம்பி தன்னிடம் பேசினான் என்பதை. அதைப் படிக்க எந்தப் பிளேயரும் வேண்டாம்.

அப்படியானால் பிடித்திருப்பவருக்கே உரிமை என்று முடித்துவிடலாமா? முடியாது. ஒரு பெண்ணின் படத்தை அவள் சம்மதமில்லாமல் வைத்திருப்பவனும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறான். அவன் பிடிக்கு எந்த மரியாதையும் தேவையில்லை.

வேறு உருவில் வந்த இதே கேள்விக்கு 2014-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஸ்பெயின்காரர் ஒருவரின் பழைய கடனுக்காக அவருடைய சொத்து ஏலத்துக்கு வந்த அறிவிப்பு, 1998-இல் ஒரு நாளிதழில் வெளியானது. கடன் தீர்ந்து வருடங்கள் ஆகியும் அவர் பெயரைத் தேடினால் அதுவே வந்து நின்றது. அந்தத் தேடல் முடிவை நீக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு, கூகுள் அதை நீக்க வேண்டியிருக்கும் என்றது தீர்ப்பு. நாளிதழின் பக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. கிட்டத்தட்ட அன்லிங்க்தான். ஊரின் பதிவு ஊருக்கு, அவர் பெயர் அவருக்கு. பொது வாழ்வில் இருப்பவர் என்றால் கணக்கு மாறலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

ஆக, யார் பிடித்திருக்கிறார்கள் என்பது முதல் கேள்வி மட்டுமே. அது யாரைப் பற்றியது, வைத்திருப்பதால் யாருக்கு வலிக்கிறது என்பது அடுத்தது. ஸ்பெயின்காரருக்கு வலித்தது. அந்தப் பெண்ணுக்கு வலிக்கிறது. மாமாவின் ஃபைலால் யாருக்கும் வலி இல்லை, சில மெகாபைட் போகிறது, அவ்வளவுதான். ஹேங் ஆன புராசஸ் என்றால் யோசிக்காமல் கில் பண்ணலாம். மறுமுனையில் மனிதர் இருந்தால், அட்மின் பாஸ்வேர்டு நம்மிடம் இருப்பது மட்டும் காரணமாகாது.