திருத்தப்பட்ட நேர்ச்சை

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மிகப் பெரிய பனியாறு சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்திலுள்ள ஆலெட்ச். பன்னெடுங்காலப் பனிப்பொழிவு தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகி, மலைச்சரிவில் மெல்ல நகரும் உறைந்த நதியே பனியாறு. ஆலெட்ச்சை அடுத்து ஃபீஷ், ஃபீஷர்டால் என்னும் கத்தோலிக்கச் சிற்றூர்கள் உள்ளன. பனியாறு வளர்ந்துவந்த காலத்தில், அதன் ஓரத்தில் தேங்கிநின்ற மார்யெலன் ஏரி அவ்வப்போது உடைப்பெடுத்துப் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. ஆகவே 1678-இல் அம்மக்கள் நேர்ச்சை செய்தனர்: நல்லொழுக்கத்துடன் வாழ்வோம், பனியாறு மேலும் வளராதிருக்க மன்றாடுவோம். 1862-இல் ஆண்டுப் பவனி ஒன்றையும் அதனுடன் சேர்த்துக்கொண்டனர்.

ஏறத்தாழ அக்காலத்திலேயே பனியாறு பின்வாங்கத் தொடங்கிற்று. அன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் மேல் குறுகிவிட்டது. வெள்ளத்துக்கு அஞ்சியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று தண்ணீர் வற்றுமோ என அஞ்சுகின்றனர். எனவே 2009-இல், தங்கள் மன்றாட்டைத் திருப்பியமைக்க அனுமதி கேட்டு உரோமைக்கு விண்ணப்பித்தனர். மறு ஆண்டு திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இசைவளித்தார். இப்போது பனியாறு குறையாதிருக்க வேண்டுகின்றனர்.

இச்செய்தியை முதலில் அறிந்தபோது எனக்குச் சிரிப்பே வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை. சொற்களை மட்டும் திருப்பினால் போதுமா? 1678-இல் மக்கள் அஞ்சிய வெள்ளம் அவர்கள் கையால் விளைந்ததன்று. இன்றைய உருகலோ அவ்வாறில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய பின்வாங்கலை முழுவதும் மனிதன் மீது சுமத்துவது நேர்மையாகாது; குளிர்ந்த சில நூற்றாண்டுகள் அப்போது முடிவுக்கு வந்துகொண்டிருந்தன. ஆனால் 1990-கள் முதல் உலகெங்கும் பனியாறுகள் சுருங்குவதற்கு மனிதச் செயலே முதன்மைக் காரணமாக இருத்தல் மிகவும் சாத்தியம் என்று 2021-இல் பன்னாட்டு அறிவியலார் குழு அறிவித்தது. கூரையை நாமே பிரித்துக்கொண்டு, வீடு நனையாதிருக்க வேண்டுவது எவ்வகை வேண்டுதல்?

பழைய நேர்ச்சையை மீண்டும் நோக்குங்கள். அதில் மன்றாட்டுக்கு முன்பே நடத்தை நிற்கிறது. அந்த நல்லொழுக்கம் என்னும் சொல்லுக்கு இன்று என்ன பொருள் என்பதே வினா. திருத்துவதற்குக் கடினமான பகுதி அதுதான். அதற்கு உரோமையின் அனுமதி தேவையுமில்லை.

ஒப்புரவுக்குச் செல்பவர் முதலில் ஆன்ம சோதனை செய்கிறார். பனியாற்றை அளப்பவர்கள் செய்வதும் அதற்கு ஒப்பான பணி என்றே கருதுகிறேன். பனிக்கட்டியில் ஆழத் துளையிட்டு நீண்ட கழிகளை நாட்டுகின்றனர்; கோடை முடிவில் கழி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கின்றனர். வெளிப்பட்ட நீளமே உருகிய பனியின் அளவு. இளவேனிலில் குழி தோண்டி, குளிர்காலத்தில் சேர்ந்த பனியின் ஆழத்தையும் அடர்த்தியையும் குறிக்கின்றனர். வரவும் செலவும் அவ்வாண்டுக் கணக்கில் ஏறுகின்றன. சுவிட்சர்லாந்தில் கிளாரிடன் பனிவெளியில் இக்கணக்கு 1914 முதல் எழுதப்பட்டு வருகிறது. 2022-இல் அந்நாட்டுப் பனியாறுகள் தங்கள் கனஅளவில் ஏறத்தாழ 6 விழுக்காட்டையும், 2023-இல் 4 விழுக்காட்டையும் இழந்தன. கணக்குப் பார்க்கத் தெரியாதவரும் காணத்தக்க அளவுகோல் ஒன்று ஆலெட்ச்சிலேயே உண்டு. 1877-இல் அங்கே கட்டப்பட்ட கொன்கார்டியா மலைக்குடில் அன்று பனிப்பரப்புக்குச் சற்று மேலேதான் இருந்தது. இன்று பனியிலிருந்து அதனை அடைய நூற்றுக்கணக்கான இரும்புப் படிகள் ஏறவேண்டும். பனி தாழத் தாழக் கீழே புதுப் படிகளைச் சேர்க்கின்றனர்.

மற்றொன்றையும் அக்கணக்கு சொல்கிறது. ஆலெட்ச் போன்ற பெரிய பனியாறு மிகத் தாமதமாகவே பதில் தருகிறது. அதன் நுனி இன்று நிற்கும் இடம், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய வெப்பத்தின் விளைவு. நாம் இன்றே முற்றிலும் மனந்திரும்பினாலும், அது இன்னும் பல்லாண்டுகள் பின்வாங்கிக்கொண்டேயிருக்கும். பரிகாரம் செய்பவர் அதன் பலனைத் தம் கண்ணால் காணமாட்டார். பேரப்பிள்ளைகள் ஒருவேளை காணலாம். பலன் காணாத பரிகாரத்தை மனிதர் மேற்கொள்வரா என்று கேட்கத் தோன்றுகிறது. 1678-இல் நேர்ந்துகொண்டவர்களும் பனியாறு பின்வாங்கியதைக் காணவில்லை. ஆயினும் நேர்ச்சையைப் பிள்ளைகளின் கையில் ஒப்படைத்துச் சென்றனர். பிள்ளைகளும் அதைக் கைவிடவில்லை.